பிளாஸ்டிக் கிட்டாரும் நைனாவின் பம்பையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளின் வீடியோ கேம் மோகம் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். துப்பாக்கி விளையாட்டு, கார் விளையாட்டு, பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆடும் பாட்டு விளையாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். "பொத்தானை அமுக்குவது வாசிப்பு ஆகுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் கோபத்தில் கேட்ட கேள்வியை நான் பல வருடங்களாக என் வேலை மேசையில் வைத்துக்கொண்டு யோசித்து வருகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் தாங்கள் குறைத்துக்கொள்ளலாம். பம்பையைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலூர் கொசப்பேட்டையில் 1988 முதல் டி.வி., ரேடியோ பழுது பார்க்கிறேன். என் தகப்பனார் பம்பைக்காரர், பம்பை என்னும் இரட்டை மேளம் அடிப்பவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை நைனா என்றுதான் அழைப்போம். மாசி மாதம் மயானக் கொள்ளைக்கு அங்காள பரமேஸ்வரி பாலாற்றங்கரைக்குப் புறப்படும்போது, அம்மனுக்கு முன்னால் பம்பை அடித்துக்கொண்டு நாற்பது வருடம் நடந்தவர். எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. காது மட்டும் அவரிடமிருந்து வந்தது.

2011 கோடையில், படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வடநாட்டு மாணவர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் கிட்டாரைக் கொண்டுவந்தார். கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமுக்கு உரிய வகை. பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று கழுத்தில் ஐந்து பொத்தான்கள். தந்தி இருக்க வேண்டிய இடத்தில் மேலும் கீழும் அசையும் ஒரு கட்டை. ஓரத்தில் ஒலியை வளைக்கிற கம்பி ஒன்று. பிரித்துப் பார்த்தேன். கட்டைக்கு அடியில் இரண்டு மைக்ரோ சுவிட்சுகள். கம்ப்யூட்டர் மவுஸில் இருப்பதைப் போன்றவை. வளைகிற கம்பிக்கு அடியில், ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்க வைப்போமே, அந்த வால்யூம் கண்ட்ரோல் வகையைச் சேர்ந்த ஒரு பாகம். கிட்டாரை நிமிர்த்திப் பிடித்தால் தெரிந்துகொள்ள ஒரு சாய்வு உணரி. தந்தி இல்லை, ஒலிப்பெட்டி இல்லை. அந்த வாசகர் கேட்டதையேதான் அன்று நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். சுவிட்சை மாற்றி வைத்தேன். மாணவரோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது, சாமான் அதிகம் என்று சொல்லி, கிட்டாரையும், டி.வி.யில் இணைத்து ஆடும் பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டியையும் டிஸ்க்கையும் என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு கடையிலிருந்த 21 அங்குல பிக்சர் டியூப் டி.வி.யில் போட்டுப் பார்த்தேன். திரையில் ஒரு சாலை. தொலைவிலிருந்து வண்ண வட்டங்கள் நம்மை நோக்கி வருகின்றன. வட்டம் அடிக்கோட்டைத் தொடும் கணத்தில் அந்த நிறப் பொத்தானை அமுக்கியபடி கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் கிட்டார் ஒலிக்கிறது. தவறினால் பாட்டு நிற்பதில்லை. பாடகர் பாடிக்கொண்டே இருக்கிறார், டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது, கிட்டார் மட்டும் அறுந்துபோகிறது. அந்த அறுந்த இடத்தில்தான் எனக்கு இந்த விளையாட்டு புரிந்தது. கிட்டாரைத் தனித் தடத்தில் பிரித்து வைத்திருப்பதால் அதை மட்டும் உருவி எடுக்க முடிகிறது. நெய்த துணியிலிருந்து ஒரு நூலை இழுத்துக் காட்டுவதைப் போன்ற வேலை அது. இருபது வருடத்துக்கு மேல் ரேடியோவுக்கும் டேப்ரிக்கார்டருக்கும் ஸ்பீக்கர் மாற்றிக்கொடுத்தவன் நான். பழைய தமிழ்ப் பாட்டுகளின் அடியில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு வழியில் நடந்து போகிறது என்பதை என் காது பிடித்தது அந்த வாரம்தான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999-லேயே கிட்டார் ஃப்ரீக்ஸ், டிரம்மேனியா என்ற காசு போட்டு ஆடும் எந்திரங்களைக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கிட்டாரில் மூன்றே பொத்தான்கள். 2005-ல் அமெரிக்காவில் ஹார்மோனிக்ஸ் விளையாட்டை உருவாக்க, ரெட்ஆக்டேன் கருவியோடு சேர்த்து வெளியிட, கிட்டார் ஹீரோ பிறந்தது. மறுவருடமே ரெட்ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது. ஹார்மோனிக்ஸை, அப்போது எம்.டி.வி.யின் தாய் நிறுவனமாக இருந்த வயாகாம் வாங்கியது. பெயர் ஒரு வீட்டுக்கும் கைவேலை இன்னொரு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. பெயரை வைத்திருந்தவர்கள் 2007-ல் நெவர்சாஃப்ட் என்ற குழுவைக் கொண்டு கிட்டார் ஹீரோவின் மூன்றாம் பாகத்தை வெளியிட்டார்கள். ஹார்மோனிக்ஸ் அதே வருடம் கிட்டார், டிரம்ஸ், மைக் மூன்றையும் ஒரே பெட்டியில் வைத்து ராக் பேண்ட் என்று விற்றது. விலை 170 டாலர். அன்றைய மதிப்பில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல்.

என் மைத்துனர் மகன் 2012 பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தபோது அந்த ராக் பேண்ட் செட்டையும் அதை ஓட்டும் விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். பெட்டி 110 வோல்ட் கரண்டுக்கு உரியது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்த்து ஓட்டினேன். அதன்பின் இரண்டு விளையாட்டுகளும் எங்கள் வீட்டில் மாறி மாறி ஓடின. அக்காள் தங்கை போல முகம் ஒன்று, குணம் வேறு.

கிட்டார் ஹீரோ மூன்றாம் பாகத்தில் இருவர் மோதும் ஆட்டம் ஒன்று உண்டு. நாம் நன்றாக வாசித்தால் எதிராளியைத் தாக்க ஆயுதம் கிடைக்கும். திரையில் அவன் தந்தியை அறுக்கலாம், இடம் வலமாக அவன் பொத்தான்களை மாற்றிப் போடலாம். பிள்ளைகள் அதைத்தான் விரும்பி ஆடினார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூட வாசிக்கிறவன் கையை முடக்குவதற்குப் பரிசு கொடுக்கும் வாசிப்பை நான் எங்கும் கண்டதில்லை. ராக் பேண்டிலோ நால்வர் சேர்ந்து ஒரு பாட்டைத் தூக்குகிறார்கள். ஒருவன் தொடர்ந்து தவறி வெளியே விழுந்துவிட்டால், நன்றாக வாசித்துச் சேர்த்து வைத்திருக்கும் இன்னொருவன் அந்தச் சேமிப்பைச் செலவழித்து அவனை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். நைனாவின் குழுவில் உடுக்கை அடிக்கிறவருக்கு வயதாகிக் கை தளர்ந்தபோது, நைனா தன் அடியைக் கொஞ்சம் அகலப்படுத்தி அவருக்கு இடம் விட்டதைச் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். பல நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பண்பை ஒரு விளையாட்டு சொல்லித் தருகிறது என்றால் அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நேரக் கணக்கிலும் வேறுபாடு உண்டு. கிட்டார் ஹீரோ மூன்றாம் பாகம் தாராளமானது; சற்று முந்தினாலும் பிந்தினாலும் ஏற்றுக்கொள்ளும். ஹார்மோனிக்ஸ் செய்தவை அவ்வளவு இடம் கொடுப்பதில்லை. முதலில் தாராளத்தில் ஆடிப் பழகிய பிள்ளை, இறுக்கத்துக்கு வரும்போது தன் கை எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொள்கிறது. மைக்கோ பாடும் இடங்களில் சுருதியைத்தான் பார்க்கும், சொல்லைப் பார்க்காது. ஆங்கிலப் பாட்டின் ஒரு வரியும் புரியாமல், ஹம்மிங்கிலேயே என் மகன் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கினான். 2007-ல் பிளேஸ்டேஷனுக்கு இந்திப் பாட்டுகளோடு சிங்ஸ்டார் பாலிவுட் வந்ததைப் பார்த்துவிட்டு, தமிழில் எப்போது வரும் என்று அவன் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

இனி டிரம்ஸ். 2012-ன் மின்வெட்டை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு மாலை, அப்போது எட்டாம் வகுப்பு படித்த என் சின்ன மகள் டிரம்ஸிலும், எதிர் வீட்டுப் பையன் கிட்டாரிலும், மகன் மைக்கிலும் இருந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. பையனின் விரல்கள் பொத்தானிலேயே நின்றன. திரை இல்லாவிட்டால் அவன் கையில் இருந்தது வெறும் பிளாஸ்டிக். என் மகளின் குச்சிகள் நிற்கவில்லை. இருட்டில் ரப்பர் தட்டுகளின் மேல் டொக் டொக் என்று அந்தப் பாட்டின் நடை தொடர்ந்துகொண்டே இருந்தது. வாசல் கட்டிலில் படுத்திருந்த நைனா எழுந்து உட்கார்ந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது.

"நிறுத்தாதே அம்மா, அடி" என்றார். கட்டிலின் சட்டத்தில் விரல்களால் அவரும் சேர்ந்துகொண்டார். சற்று நேரத்தில், "வேகம் வேண்டாம், மூச்சு விட்டு அடி" என்றார். பிறகு வாயால் சொற்கட்டு, அதாவது அடிக்க வேண்டிய தாளத்தைச் சொற்களாக, சொல்ல ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்டுக் கேட்டு அடித்தாள். கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தபின்னும் யாரும் டி.வி. பக்கம் திரும்பவில்லை.

"பொத்தானை அமுக்குவது வாசிப்பு ஆகுமா" என்று கேட்ட வாசகருக்கு என் பதில் அந்த முக்கால் மணி நேரம்தான். கிட்டாரைப் பொறுத்தவரை அவர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஐந்து பொத்தானில் எவ்வளவு தேர்ந்தாலும், உண்மையான கிட்டாரைக் கையில் எடுக்கிறவன் முதல் பாடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். காது கூர்மையாகியிருக்கும், இரண்டு கைகளும் சேர்ந்து வேலை செய்யப் பழகியிருக்கும். அதற்கு மேல் சொல்ல முடியாது. டிரம்ஸ் அப்படி இல்லை. அடி என்பது அடிதான். தோலில் விழுந்தாலும் ரப்பரில் விழுந்தாலும் கை செய்யும் வேலை ஒன்றே. எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்ற கணக்கும் ஒன்றே. ராக் பேண்டில் நான்கு தட்டும் ஒரு கால் பெடலும். 2008-ல் வந்த கிட்டார் ஹீரோ வேர்ல்ட் டூரில் மூன்று தட்டு, அவற்றுக்கு மேலே உயர்த்தி வைத்த இரண்டு சிம்பல், ஒரு பெடல். இரண்டாவதில் இன்னொரு நன்மை உண்டு. ஓங்கி அடித்தால் ஓங்கி அடித்ததாகவும், தடவி அடித்தால் தடவி அடித்ததாகவும் அது பிரித்தறிந்தது. ராக் பேண்டின் முதல் டிரம்ஸுக்கு எல்லா அடியும் ஒன்றுதான். நைனாவுக்கு மெல்லடியும் வல்லடியும் இரண்டு வேறு சொற்கள். பம்பைக்காரர் மகனாக நான் வேர்ல்ட் டூரின் டிரம்ஸைத்தான் மேலே வைப்பேன். சேர்ந்து வாசிக்கும் முறைக்கு ராக் பேண்டை.

டி.வி. மெக்கானிக் என்ற முறையில் பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2013-ல் வீட்டுக்கு எல்.சி.டி. டி.வி. வாங்கினோம். அதே பெட்டி, அதே டிஸ்க், அதே கருவி. மகள் தவறு மேல் தவறாகச் செய்தாள். "நான் சரியாகத்தான் அடிக்கிறேன், டி.வி. தாமதமாகக் காட்டுகிறது" என்று அழாத குறையாகச் சொன்னாள். அவள் சொன்னது முழு உண்மை. பழைய பிக்சர் டியூப், சிக்னல் வந்த கணத்திலேயே வரி வரியாக வரைந்துவிடும். புதிய டி.வி. ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து, மெருகேற்றி, அளவு மாற்றி, பிறகுதான் காட்டும். அதற்குச் சில நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகிவிடுகிறது. சினிமா பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே அரை நொடி. அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் எட்டில் ஒரு பங்கு நொடி. டி.வி.யின் தாமதம் ஏறத்தாழ அந்தக் கால் தட்டையே விழுங்கிவிடுகிறது. புளூடூத் ஸ்பீக்கர் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். இந்த விளையாட்டுகள் எல்லாவற்றிலும் தாமதத்தை அளந்து ஈடுகட்டும் ஓர் அமைப்புப் பக்கம் இருக்கிறது. பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. திறந்து, அது தரும் தட்டுக்கு ஏற்ப அடித்துக் காட்டினால் கணக்கைத் தானே சரிசெய்துகொள்ளும். டி.வி.யில் கேம் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். ஸ்பீக்கரை ஒயரில் இணையுங்கள். அதையெல்லாம் செய்யாமல் பிள்ளைக்குத் தாளம் வரவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் மகளுக்கு நானே இரண்டு வாரம் அந்த அநியாயத்தைச் செய்திருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2009 என்ற ஒரே வருடத்தில் கிட்டார் ஹீரோ 5, பேண்ட் ஹீரோ, டி.ஜே. ஹீரோ என்று வரிசையாக வந்து கடைகளை அடைத்தன. 2010-ல் ராக் பேண்ட் 3, 25 கட்டைகள் கொண்ட கீபோர்டையும் கழுத்து முழுக்க 102 பொத்தான்கள் பதித்த கிட்டாரையும் கொண்டுவந்தது. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடிவிட்டது. அதே வருடம் வந்த ராக்ஸ்மித், உண்மையான மின்சாரக் கிட்டாரையே ஒயரில் இணைத்து ஆடச் சொன்னது. கிட்டார் கற்க விரும்புகிறவர்களுக்கு அதுதான் நேர்மையான வழி என்பது என் எண்ணம்.

2015-ல் கிட்டார் ஹீரோ லைவ் வந்தது. மேலே மூன்று, கீழே மூன்று என்று இரண்டு வரிசையில் ஆறு பொத்தான்கள். பழைய ஐந்து பொத்தான் கிட்டார்கள் அதற்கு உதவா. பாட்டுகளில் பெரும்பகுதியை இணையம் வழியாகவே அனுப்பினார்கள். 2018 டிசம்பரில் அந்த இணையச் சேவையை நிறுத்தியபோது, டிஸ்க்கில் இருந்த 42 பாட்டுகள் மட்டும் மிஞ்சின. காசு கொடுத்து வாங்கிய பொருளில் சுவிட்சு தேய்ந்தால் என்னைப் போன்றவன் மாற்றித் தருவான். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டதால் செத்துப்போன கருவிக்கு எந்த மெக்கானிக்கும் உயிர் தர முடியாது. பெற்றோர் வாங்கும்போது இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்: இணையம் இல்லாமல் இது வாசிக்குமா?

சில வருடங்களுக்கு முன் குடியாத்தத்துக்காரர் ஒருவர், டோக்கியோவில் வேலை செய்கிறவர், விடுமுறையில் வந்தபோது தன் மகளின் பிளாஸ்டிக் முரசு ஒன்றைப் பழுது பார்க்கக் கொண்டுவந்தார். தைக்கோ நோ தட்சுஜின் என்ற விளையாட்டுக்கு உரியது. நாம்கோ நிறுவனம் 2001-ல் காசு போட்டு ஆடும் எந்திரமாகக் கொண்டுவந்தது. மறுவருடமே வீட்டில் வைத்து ஆடும் சிறிய முரசும் வந்தது. தைக்கோ என்பது ஜப்பானியரின் கோயில்களிலும் ஊர்த் திருவிழாக்களிலும் ஒலிக்கும் முரசு. விளையாட்டில் முக்கியமாக இரண்டே நிறங்கள். சிவப்பு வட்டம் வந்தால் முகத்தின் நடுவில் அடிக்க வேண்டும், அது 'டொன்'. நீல வட்டம் வந்தால் விளிம்பில் அடிக்க வேண்டும், அது 'கா'. வட்டம் பெரிதாக வந்தால் இரண்டு குச்சியாலும் சேர்த்து அடிக்க வேண்டும். அடிப்படை இவ்வளவுதான். நான்கு வயதுக் குழந்தை ஐந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளும். தேர்ந்தவர் ஆடும்போது குச்சி கண்ணுக்குத் தெரியாது.

அந்த முரசைப் பழுது பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் மேடையில் இருந்த கிட்டாரைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். ஜப்பானியர் தங்கள் கோயில் வாசலில் இருந்த முரசைக் கொடுத்தார்கள். சொற்கட்டையும் கூடவே கொடுத்தார்கள். டொன், கா என்று வாயால் சொல்லிக்கொண்டே அந்தக் குடியாத்தத்துக்காரரின் மகள் அடித்தாள். நைனா கட்டிலில் உட்கார்ந்து செய்ததும் அதைத்தான். அவர் 2015-ல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அந்தச் சிறுமியின் முரசை வாங்கி ஒரு தடவை அடித்துப் பார்த்திருப்பார்.

பம்பையைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு உருளைகளைச் சேர்த்துக் கட்டிய இரட்டை மேளம். ஒன்று மரம், இன்னொன்று வெண்கலம். ஆக, அதற்கு முகங்கள் நான்கு. கூட உடுக்கையும் கைச்சிலம்பும் சேர்ந்தால்தான் அது நிறைவான வாசிப்பு. ராக் பேண்ட் டிரம்ஸின் தட்டுகளும் நான்கு என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்தத் தட்டுகளுக்கு அடியில் இருப்பது பீசோ என்னும் சிறிய பித்தளை வட்டு. அதிர்ந்தால் துளி மின்சாரம் தரும். கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி பறப்பதும் இதே தத்துவம்தான். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. நான்கு வட்டுகளை வாங்கி, பிளைவுட்டில் ஒட்டி, ஒரு பம்பை செய்யத் தொடங்கினேன். காட்பாடியில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி, கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு சர்க்யூட் போர்டை வைத்து அதைக் கம்ப்யூட்டரோடு பேச வைத்தார்.

முதல் நாள் பெரும் ஏமாற்றம். ஒரு முகத்தில் அடித்தால் பக்கத்து முகமும் அடி வாங்கியதாகக் காட்டியது. அதிர்வு பலகை வழியாகத் தாவிவிடுகிறது. பஞ்சு வைத்தோம், தெர்மாகோல் வைத்தோம், பயனில்லை. கடைசியில் ஆம்பூரில் செருப்பு அடிப்பாகத்துக்கு வெட்டும் ரப்பர் ஷீட்டில் ஒரு துண்டு வாங்கிவந்து நான்கு முகத்தையும் தனித்தனியாக அதன்மேல் உட்கார வைத்தபோது நின்றது. செருப்புத் தொழில் நடக்கிற வட்டாரத்தில் இருப்பதன் பயன் அன்று தெரிந்தது.

அடுத்த தடை பெரிது. க்ளோன் ஹீரோ என்று கம்ப்யூட்டரில் ஓடும் இலவச விளையாட்டு ஒன்று இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் கருவிகளை அது ஏற்றுக்கொள்ளும், நம் பாட்டையும் நாமே அதில் ஏற்றலாம். 1994 மயானக் கொள்ளையில் நைனா அடித்ததை நான் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை ஏற்ற முயன்றோம். ராக் பாட்டுகளில் பெரும்பாலானவை நான்கு நான்காக எண்ணி ஒரே வேகத்தில் ஓடுபவை. திரையிலுள்ள சாலையில் தட்டுக்கு ஒரு கோடு போட்டு வைத்துவிடலாம். நைனாவின் அடி தொடக்கத்தில் நிமிடத்துக்குத் தொண்ணூற்றைந்து தட்டு. அம்மன் ஆற்றங்கரையை நெருங்க நெருங்க, யாருக்காவது அருள் வரும் நேரம் பார்த்து, அவர் நடையை ஏற்றுகிறார். இருபதாவது நிமிடத்தில் நூற்றைம்பதைத் தாண்டிவிடுகிறது. நடுவில் ஓர் இடத்தில் நின்றே விடுகிறார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேசட்டில் கேட்கிறது. பிறகு ஒரே அடியில் எடுக்கிறார். எந்தக் கோட்டுக்கும் அது அடங்கவில்லை. அந்தத் தம்பியும் நானும் ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டாகக் கேட்டு, ஒவ்வொரு கோட்டையும் கையால் நகர்த்தினோம். முதல் நான்கு நிமிடம் முடிந்திருக்கிறது. என் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் அதை அடிக்கிறார்கள். அந்த நிறுத்தத்தில் சரியாக நின்று சரியாக எடுக்க அவர்களில் ஒரு பெண்ணால் மட்டும்தான் இதுவரை முடிந்தது. அவள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியபோது அது வந்தது.

இனி என் கோரிக்கை. இந்த மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்ட் செய்கிறார்கள். அவர்களில் ஒரு குழு இதை எடுத்துச் செய்யட்டும். பம்பைக்கு வேண்டிய பாகங்களைச் சொல்லிவிட்டேன். உடுக்கையின் இடுப்புக் கயிற்றை அமுக்கினால் ஒலி வளையும்; அதற்கு, கிட்டாரின் வளைகிற கம்பிக்கு அடியில் இருக்கும் அந்த வால்யூம் கண்ட்ரோல் வகைப் பாகமே போதும். கைச்சிலம்பைக் குலுக்குவதை அறிய அதே கிட்டாரின் சாய்வு உணரியைப் போன்ற ஒன்று போதும். நான் 2011-ல் பிரித்துப் போட்ட அந்த ஒரே கிட்டாருக்குள் எங்கள் அங்காளம்மன் கோயில் வாத்தியக் குழுவுக்கு வேண்டியதில் பாதி இருந்திருக்கிறது.

ஆனால் கருவி செய்வதற்கு முன் செய்ய வேண்டியது பதிவு. தவறினால் ஒலி அறுகிறதே, அந்தப் பாடம் நடக்க வேண்டுமானால் பம்பை தனியாக, உடுக்கை தனியாக, சிலம்பு தனியாக, பாட்டு தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். என் கேசட்டில் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது; இனி அதைப் பிரிக்க என்னால் ஆகாது. நைனாவோடு வாசித்தவர்களில் இருவர் இன்னும் இருக்கிறார்கள். இருவருக்கும் எழுபதுக்கு மேல். கை இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு உரிய சன்மானம் கொடுத்து, அவர்கள் பெயரைத் திரையில் போட்டு, வரும் மாசிக்குள் பதிவு செய்துவிட வேண்டும். கல்லூரி ஆசிரியர் யாராவது முன்வந்தால் நானே அவர்களை அழைத்துவருகிறேன்.

பிளாஸ்டிக்கைக் கண்டு கோபப்பட்ட அந்த வாசகர் வேலூர்ப் பக்கம் வந்தால் அவசியம் என் கடைக்கு வர வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் இருப்பார்கள். பிக்சர் டியூப் டி.வி.யை இன்னும் விற்காமல் வைத்திருக்கிறேன். இரண்டாவது பம்பைக்கு ரப்பர் ஷீட் மீதம் இருக்கிறது, பீசோ வட்டு மட்டும் வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
டி.வி. மெக்கானிக்,
கொசப்பேட்டை, வேலூர்.